பழந்தோலுக்குப் பளபளப்பு எதற்கு?



உங்கள் பள்ளி நூலகத்திலோ, தாத்தாவின் மர அலமாரியிலோ தோல் அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா? அதைக் கையில் எடுத்தவுடன் உள்ளங்கையில் செங்கல் தூள் போல் ஒரு பொடி ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தின் முதுகு வெளுத்துப் போயிருக்கும். பொன்னெழுத்துகள் பாதி அழிந்திருக்கும். ஆனால் மற்ற புத்தகங்களுக்கு இடையே மறைந்து கிடந்த பக்க அட்டையைப் பார்த்தால், அங்கே மட்டும் பழைய கருஞ்சிவப்பு நிறம் அப்படியே இருக்கும்.

இந்தப் புத்தகத்தை என்ன செய்யலாம் என்று பத்துப் பேரைக் கேளுங்கள். "தேங்காய் எண்ணெய் தடவு" என்பார் ஒருவர். "செருப்புப் பாலிஷ் போட்டுத் துடை, புதிதாகிவிடும்" என்பார் இன்னொருவர். "அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிய பைண்டிங் போடு" என்பார் மூன்றாமவர். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூவர் சொல்வதும் தவறு என்பது என் கருத்து. அரிய புத்தகம் ஒன்றின் பழந்தோலைப் புதிதாகக் காட்ட முயல்வது, பெரும்பாலும் அதை விரைவாக அழிப்பதில்தான் முடியும். ஏன் என்பதை அறிவியல் வழியில் உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். முடிவை நீங்களே எடுங்கள்.

ஒரு மன்னரின் புத்தகங்கள்

ஒரத்தநாட்டு மாணவர்களுக்கு முத்தம்பாள் சத்திரம் தெரியாமல் இராது. வழிப்போக்கர்களுக்குச் சோறிட்ட அந்தச் சத்திரத்தை எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தவர் அவர். ஆட்சி அதிகாரத்தின் பெரும்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்ட காலம் அது. சரபோஜி தம் செல்வத்தையும் பொழுதையும் கல்வியில் செலவிட்டார். சத்திரத்தைக் கட்டிய அதே மன்னர்தான் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தையும் வளர்த்தார். 1820-ஆம் ஆண்டில் காசி யாத்திரை சென்றபோது அங்கிருந்தும் சுவடிகளைச் சேகரித்து வந்தார்.

நாயக்கர் காலத்தில் தோன்றிய அந்நூலகம் ஓலைச்சுவடிகளுக்குப் பெயர் பெற்றது. ஆனால் அங்கே ஐரோப்பிய மொழிகளில் அச்சான புத்தகங்களும் ஆயிரக்கணக்கில் உள்ளன என்பது பலருக்குத் தெரியாது. சரபோஜி வாங்கிச் சேர்த்தவை அவை. அவற்றில் பலவற்றில் அவர் கையெழுத்து இருக்கிறது. 1784-இல் வெளியான ஜான்சனின் ஆங்கில அகராதியும், 1791-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான படங்கள் நிறைந்த பைபிளும் அங்கே உள்ள அரும்பொருள்கள். 1918-இல் இந்த நூலகம் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது. ஒரத்தநாட்டில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் தஞ்சையை அடைந்துவிடலாம். அரண்மனை வளாகத்தில் உள்ள அந்நூலகத்தின் காட்சிக்கூடத்தைக் கட்டாயம் சென்று பாருங்கள்.

அங்கே ஓலைச்சுவடிகளைக் காக்க ஒரு பழைய முறை உண்டு. வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்து, சிறு துணி முடிச்சுகளாகக் கட்டிச் சுவடிகளுக்கு இடையே வைப்பார்கள். பூச்சி அண்டாது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த மருந்தைச் சுவடியின் மேல் பூசுவதில்லை, அருகில் வைக்கிறார்கள். சுவடியைத் தொடாமல் அதன் சூழலை மாற்றுகிறார்கள். இந்தச் சிறிய வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதம் முழுவதும் இதில்தான் நிற்கிறது.

தோல் என்பது என்ன?

விலங்கின் தோலில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். இதன் அமைப்பைக் கண்டறிந்ததில் நம் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூலக்கூறு மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிய வடிவம் உடையது என்று கூறினர். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜனை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்து அவர்கள் இம்முடிவுக்கு வந்தார்கள். தோல் ஆராய்ச்சிக்காக 1948-இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அவர்களுக்கு அண்டை வீடு போல் அருகிலேயே இருந்தது.

மூன்று புரி முறுக்கிய தேங்காய் நார்க் கயிற்றை எண்ணிக்கொள்ளுங்கள். கொலாஜன் ஏறத்தாழ அப்படித்தான். அந்த முறுக்கில்தான் தோலின் வலிமை இருக்கிறது.

பச்சைத் தோல் இரண்டு நாளில் அழுகிவிடும். அதை அழுகாமல் காப்பதற்குப் பெயர் பதனிடுதல். மரப்பட்டையிலும் காய்களிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் கொலாஜன் இழைகளோடு பிணைந்து அவற்றைக் கட்டிப் போடுகிறது. இதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கடுக்காய்த் துண்டையோ வாழைப்பிஞ்சையோ கடித்துப் பாருங்கள். நாக்கு சுருக்கென்று இழுத்துக்கொள்ளும். டானின் உங்கள் உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு பிணைவதால் ஏற்படும் உணர்ச்சி அது. பதனிடும் தொட்டியில் வாரக்கணக்கில் நடப்பதன் சிறு பங்கு உங்கள் வாயில் ஒரு நொடியில் நடந்துவிடுகிறது.

நிறம் எங்கே போனது?

முதலில் வெளுப்பை எடுத்துக்கொள்வோம். சாயத்தின் மூலக்கூறுகள் ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சுவதால்தான் நமக்கு நிறம் தெரிகிறது. உறிஞ்சிய ஆற்றலே சில வேளை அம்மூலக்கூறை உடைத்தும் விடுகிறது. புற ஊதாக் கதிர்களுக்கு இந்த ஆற்றல் அதிகம். உடைந்த சாயம் முன்போல் ஒளியை உறிஞ்சாது. ஆகவே நிறம் மறைகிறது. அலமாரியில் நிற்கும் புத்தகத்தின் முதுகுதான் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. எனவே முதுகு முதலில் வெளுக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். எளிதில் மங்கும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் ஒளி போதும் என்கின்றன. நம் ஊர் நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அப்படியானால் நேர் வெயிலில் ஒரு மணி நேரம் கிடப்பது, 50 லக்ஸ் ஒளியில் 2,000 மணி நேரம் இருப்பதற்குச் சமம். நாளுக்கு 8 மணி நேரம் விளக்கெரியும் அருங்காட்சியகத்தில் அது 250 நாட்கள்! வெயிலில் புற ஊதாக் கதிர்களும் மிகுதி என்பதால் கேடு இதைவிடவும் கூடும். "புத்தகத்தை வெயிலில் காயப் போடு" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

உடைந்த சாயத்தை மீண்டும் கூட்டிச் சேர்க்க எந்த எண்ணெயாலும் முடியாது. எண்ணெய் தடவினால் தோல் கருமையாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அது நிறம் திரும்பியதால் அன்று. ஈரமான மண் உலர்ந்த மண்ணைவிடக் கறுத்துத் தோன்றுவதில்லையா? அது போன்றதுதான்.

ஃபாரடேயும் எரிவாயு விளக்கும்

அடுத்து, கையில் ஒட்டிய அந்தச் செம்பொடி. டெல்டாவில் கரும்பு பயிரிடும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செவ்வழுகல் நோய் தெரிந்திருக்கும். தோல் பொடியாகும் இந்தக் கேட்டுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு. கரும்பின் செவ்வழுகல் ஒரு பூஞ்சணத்தால் வருவது. தோலின் செவ்வழுகலில் எந்தக் கிருமியும் இல்லை. அது முழுக்க முழுக்க வேதிவினை. ஆகவே மருந்து அடித்துக் கொல்வதற்கு அங்கே எதுவும் கிடையாது.

இதன் காரணத்தைத் தேடியவர்களில் மைக்கேல் ஃபாரடேயும் ஒருவர். மின்னியலில் அவர் பெயரைப் படித்திருப்பீர்கள். ஏழைக் கொல்லரின் மகனான அவர் 1805-இல், 14-ஆம் வயதில், லண்டனில் ஒரு புத்தகக் கடையில் பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழாண்டுகள் அங்கே இருந்தார். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். 1812-இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளைத் தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். அதுவே அவருக்கு ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்துவிட்டது.

பிற்காலத்தில், 1840-களில், லண்டனின் அதீனியம் கழக நூலகத்தில் தோல் அட்டைகள் பொடிந்து உதிர்வதாக முறையிட்டபோது ஃபாரடேயை அழைத்தார்கள். அறையில் எரிந்த வாயு விளக்குகள்தாம் குற்றவாளி என்றார் அவர். நிலக்கரி வாயுவில் கந்தகம் கலந்திருந்தது. அது எரிந்து வெளிப்பட்ட கந்தக வாயுக்கள் தோலில் அமிலமாக மாறின. விளக்கின் புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் அமைப்பு ஒன்றையும் அவர் வகுத்தார். பாருங்கள், புத்தகம் கட்டிய பையன் வேதியியலாளராகித் திரும்பி வந்தபோது அட்டைக்கு எண்ணெய் தடவச் சொல்லவில்லை. அறையின் காற்றைச் சரி செய்யச் சொன்னார்!

இன்று வாயு விளக்குகள் இல்லை. ஆனால் நிலக்கரியும் டீசலும் எரிந்து வரும் கந்தக டை ஆக்சைடு காற்றில் இருக்கிறது. தோல் அதை உறிஞ்சுகிறது. ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து அது கந்தக அமிலமாகிறது. அமிலம் கொலாஜன் இழைகளை நீராற்பகுப்பு மூலம் துண்டு துண்டாக வெட்டுகிறது. மற்றொரு பக்கம் டானினும் ஆக்சிஜனேற்றம் அடைந்து சிவக்கிறது. புரி அறுந்த கயிறு எப்படித் தும்பாக உதிருமோ, அப்படித் தோல் பொடியாக உதிர்கிறது.

ஆவாரையும் கடுக்காயும்

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. லண்டனில் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் என்னும் சங்கம் அமைத்த குழு ஒன்று, புத்தகத் தோல்கள் ஏன் விரைவில் கெடுகின்றன என்று ஆராய்ந்து 1901-இல் அறிக்கை தந்தது. எல்லாத் தோலும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று. எந்த டானினால் பதனிட்டார்கள் என்பதைப் பொறுத்து ஆயுள் மாறுகிறது. சுமாக் இலையால் பதனிட்ட தோல் நன்றாக உழைத்தது. நம் நாட்டிலிருந்து கப்பலேறிய, ஆவாரம் பட்டையால் பதனிட்ட ஆட்டுத் தோல்களோ விரைவில் சிவந்து கெடுபவற்றின் வரிசையில் இடம் பெற்றன.

வருந்த வேண்டாம். ஆவாரம் பட்டையில் உள்ளது ஒரு வகை டானின். கடுக்காயில் உள்ளது வேறு வகை. கடுக்காய் டானின் சுமாக்கைச் சேர்ந்த வகை. ஒளியையும் அமிலத்தையும் அது கூடுதலாகத் தாங்கும். இரண்டையும் உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் உதவியோடு வேறுபடுத்திக் காணலாம். ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் தனித்தனியே நீரில் காய்ச்சி வடிகட்டுங்கள். ஆறியபின் ஒவ்வொன்றிலும் இரு சொட்டு ஃபெரிக் குளோரைடு கரைசல் விடுங்கள். ஒன்று பச்சை கலந்த கறுப்பாகும். மற்றது நீலம் கலந்த கறுப்பாகும். எது எது என்று நீங்களே கண்டுபிடித்து எழுதி வையுங்கள். (இந்தச் சோதனையை வடிநீரில் மட்டும் செய்யுங்கள். புத்தகத்தின் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது!)

அந்த அறிக்கையில் இன்னொரு செய்தி உண்டு. என் வாதத்துக்கு அது இன்றியமையாதது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டிய தோல் அட்டைகள், அதற்கு முந்தைய காலத்து அட்டைகளைவிட மோசமாகக் கெட்டிருந்தன. காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? வாங்குபவர்கள் பளிச்சென்ற, எங்கும் ஒரே சீரான நிறத்தைக் கேட்டார்கள். அதைத் தருவதற்காகச் சாயத் தொட்டியில் கந்தக அமிலத்தைச் சேர்த்தார்கள். அந்த அமிலம் தோலிலேயே தங்கிவிட்டது. காற்றிலிருந்து வர வேண்டிய நஞ்சு பிறக்கும்போதே உள்ளே புகுந்துவிட்டது. கண்ணுக்கு அழகாகக் கேட்டோம். ஆயுளில் விலை கொடுத்தோம். அதே தவற்றை இன்று பாலிஷ் டப்பாவோடு மீண்டும் செய்ய வேண்டுமா?

என் கையால் கெட்ட புத்தகம்

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது நானும் இந்தத் தவற்றைச் செய்தேன். ஒரத்தநாட்டுக்கு அருகே எங்கள் தாத்தா வீட்டில் தோல் முதுகு வைத்த பழைய தமிழ் - ஆங்கில அகராதி ஒன்று இருந்தது. சரசுவதி பூசைக்கு அடுக்குவதற்காக எல்லாப் புத்தகங்களையும் தூசி தட்டினோம். இந்த அகராதி மட்டும் வெளுத்துப் பரட்டையாக இருந்தது. சாமி முன் வைக்க இப்படியா என்று நினைத்து, ஒரு துணியில் தேங்காய் எண்ணெயை நனைத்து நன்றாகத் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. எல்லோரும் பாராட்டினார்கள். அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தோம்.

ஐப்பசி அடைமழை வந்தது. கார்த்திகையில் அலமாரியைத் திறந்தால், அட்டை முழுவதும் வெண்பச்சைப் பூஞ்சணம். எண்ணெய் அட்டையைத் தாண்டி முதல் சில தாள்களில் கறையாகப் பரவியிருந்தது. பக்கத்துப் புத்தகம் அதோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது தோலின் ஒரு பட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஈரச் சந்தனம் பட்ட இடமெல்லாம் கறுத்துக் கல்லாக இறுகியிருந்தது. தாத்தா என்னைத் திட்டவில்லை. "இது என் தாத்தா வாங்கினதுடா" என்று மட்டும் சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று நடந்ததன் காரணம் இன்று எனக்குத் தெரியும். எண்ணெயில் தூசி ஒட்டும். பூஞ்சணத்துக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. காலப்போக்கில் எண்ணெயும் ஆக்சிஜனேற்றம் அடைந்து பிசினாகும். சந்தனத்தின் ஈரம் ஏன் தோலைக் கறுக்க வைத்தது? புதிதாகத் தாவரப் பதனம் செய்த தோலை நீரில் இட்டுச் சூடாக்கினால் ஏறத்தாழ 75 முதல் 85 டிகிரி செல்சியசில்தான் அது சுருங்கும். கொலாஜன் சிதைய சிதைய இந்த வெப்பநிலை இறங்கிக்கொண்டே வரும். மிகவும் கெட்ட தோல் நம் ஊர்க் கோடை வெப்பத்திலேயே, ஈரம் பட்ட மாத்திரத்தில், சுருங்கிக் கறுத்து இறுகிவிடக்கூடும்.

அறிஞர்களும் மாறினார்கள்

"பெரிய பெரிய நூலகங்களே எண்ணெய் பூசினவே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை மேலைநாட்டு நூலகங்கள் கம்பளி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலினையும், மாட்டுக் கால் எலும்புகளிலிருந்து எடுக்கும் எண்ணெயையும் கலந்து தோல் அட்டைகளுக்குப் பூசி வந்தன. கையேடுகளும் அப்படியே சொல்லின. ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பூசிய தோல்கள் பூசாதவற்றைவிட நீண்ட நாள் வாழவில்லை என்றும், கறை, பிசுபிசுப்பு, மேலே வெண்படலம் முதலிய புதிய தொல்லைகள் சேர்ந்தன என்றும் கண்டார்கள். அமிலத்தை எண்ணெய் போக்குவதில்லை. வெட்டுண்ட இழைகளை அது ஒட்டுவதும் இல்லை. ஆகவே பல நூலகங்கள் அந்த வழக்கத்தைக் கைவிட்டன. தான் சொன்னதைச் சோதித்துப் பார்த்து, தவறென்றால் விட்டுவிடும் துணிவுதான் அறிவியல்.

எதிர்வாதம்

என் கருத்தை மறுப்பவர்கள் சொல்வதையும் கேட்போம். "கிழிந்து வெளுத்த புத்தகத்தை யாரும் மதிப்பதில்லை. அழகாக இருந்தால்தான் பாதுகாப்பார்கள். அசிங்கமாக இருந்தால் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடுவார்கள்" என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ நூல்கள் அப்படித்தான் போயிருக்கின்றன. தோற்றத்தைப் பற்றிய கவலையே கூடாது என்று நான் சொல்லவில்லை.

ஆனால் புத்தகங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, படிப்பதற்கான புத்தகம். இதே நூல் கடையிலும் பிற நூலகங்களிலும் கிடைக்கும். அதற்குத் தாராளமாகக் காலிகோ துணி போட்டு உறுதியான பைண்டிங் செய்யுங்கள். நம் ஊர் பைண்டர்கள் அதில் வல்லவர்கள். மற்றொன்று, சாட்சியாக நிற்கும் புத்தகம். அதன் தோல், தையல், முன் தாளில் உள்ள கையெழுத்து, ஓரக் குறிப்பு எல்லாமே வரலாற்றுச் சான்றுகள். மயிர்த்துளைகளின் அமைப்பைக் கண்டு அது ஆட்டுத் தோலா கன்றுத் தோலா என்று கூறலாம். தோலில் எஞ்சிய டானினைச் சோதித்து அது எந்த வகைப் பட்டையில் பதனிட்டது என்று கூறலாம். அட்டையைப் பிய்த்து எறிந்தால் இவ்வளவும் குப்பைக்குப் போகும். சரபோஜியின் கையெழுத்துள்ள தாளை யாரோ ஒருவர் "கிழிசல் தாள்" என்று நீக்கியிருந்தால், அந்தப் புத்தகம் யாருடையது என்று நமக்குத் தெரிந்திருக்குமா?

"எல்லாவற்றையும் படம் பிடித்துக் கணினியில் ஏற்றிவிட்டால் போதாதா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். படம் பிடிப்பது மிக நல்லது, செய்யத்தான் வேண்டும். ஆனால் படத்தில் எழுத்து இருக்கும், தோல் இராது. நாளை புதிய சோதனைமுறை ஒன்று வந்தால் அதற்குக் கொடுக்கப் படத்தில் என்ன இருக்கிறது?

அப்படியானால் கெட்ட தோலுக்கு எதுவுமே செய்யக்கூடாதா? செய்யலாம், பயிற்சி பெற்றவர்கள் செய்யலாம். பொடியும் தோலுக்கு, ஹைட்ராக்சி புரொப்பைல் செல்லுலோஸ் என்னும் பொருளை ஆல்கஹாலில் கரைத்து மெல்லிதாகப் பூசுகிறார்கள். நீர் இல்லாததால் தோல் கறுப்பதில்லை. பொடி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது. இது அமிலத்தை நீக்காது. உதிர்வதைத் தடுக்கும், அவ்வளவே. அறுந்த கீல்களுக்கு ஜப்பானிய நார்த்தாளை ஏற்ற நிறத்தில் சாயமேற்றி ஒட்டுகிறார்கள். முதுகு மிகவும் கெட்டிருந்தால், அடியில் புதிய தோல் வைத்து அதன் மேல் பழைய முதுகையே திரும்பப் பொருத்துகிறார்கள். இவற்றுக்கெல்லாம் அடிப்படை விதிகள் மூன்று: தேவையான அளவுக்கு மேல் செய்யாதே, பின்னால் வருபவர் பிரித்தெடுக்க முடியாததைச் செய்யாதே, என்ன செய்தாய் என்பதை எழுதி வை.

நீங்கள் செய்ய வேண்டியவை

இவற்றைவிட மேலான வைத்தியம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பணமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். வசம்பு முடிச்சை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? புத்தகத்தைத் தொடாமல் சூழலை மாற்றும் வழி அது.

அலமாரியைச் சன்னல் வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் தடித்த திரை போடுங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சணம் தலைகாட்டும். டெல்டாவின் மழை மாதங்களில் இது எளிதில் நடக்கும். ஆகவே ஈர ஒழுக்கு உள்ள சுவரை உடனே கவனியுங்கள். மழை ஓய்ந்து காற்று உலர்ந்திருக்கும் நேரத்தில் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஈரத் துணி வேண்டவே வேண்டாம்.

புத்தகத்தை எடுக்கும்போது முதுகின் தலைப்பில் விரலைக் கொக்கி போல் மாட்டி இழுக்காதீர்கள். பெரும்பாலான தோல் முதுகுகள் அங்கேதான் கிழிகின்றன. இருபுறமும் உள்ள புத்தகங்களைச் சற்று உள்ளே தள்ளி, நடுவில் உள்ளதன் இடுப்பைப் பிடித்து எடுங்கள். அட்டை கழன்றிருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள். வெள்ளைப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். செம்பொடி உதிரும் புத்தகத்துக்கு அமிலமற்ற அட்டையில் ஒரு பெட்டி செய்து அதற்குள் வையுங்கள். ஒளி, தூசி, புகை மூன்றையும் ஒரு பெட்டி தடுக்கும். வெளுத்த முதுகு கண்ணுக்குத் தெரியக் கூடாதென்றால், அதற்கும் பெட்டியே போதும். பெட்டியின் மேல் புத்தகத்தின் பெயரை அழகாக எழுதி ஒட்டுங்கள். அழகு வேண்டும் என்பவர்களுக்கு என் விடை இதுதான்: அலங்காரத்தைப் பெட்டிக்குச் செய்யுங்கள், புத்தகத்துக்கு வேண்டாம்.

உங்கள் பள்ளி அறிவியல் மன்றம் இதை ஒரு பணியாக எடுத்துக்கொள்ளலாம். நூலகத்திலும் வீடுகளிலும் உள்ள தோல் அட்டைப் புத்தகங்களைக் கணக்கெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அச்சான ஆண்டு, முதுகின் நிலை, பொடி உதிர்கிறதா, எந்தத் திசைச் சன்னலுக்கு அருகே இருக்கிறது என்று குறியுங்கள். ஒரு சிவப்புத் தாளைப் பாதி மூடி ஒரு மாதம் சன்னலில் வைத்து, வெளுப்பை நேரில் பாருங்கள். கணக்கெடுப்பில் அரிய நூல் ஏதும் தென்பட்டால், நீங்களே கை வைக்காமல் சரசுவதி மகால் போன்ற நூலகத்தாரிடம் கேளுங்கள்.

அரசுக்கும் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தோல் அறிவியலில் உலகுக்கு வழிகாட்டிய ஆராய்ச்சி நிலையம் சென்னையில் இருக்கிறது. புத்தகச் செல்வம் தஞ்சையில் இருக்கிறது. கைத்திறன் உள்ள பைண்டர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். இம்மூன்றையும் இணைத்து, மாவட்டந்தோறும் சில பைண்டர்களுக்காவது நூற்பாதுகாப்புப் பயிற்சி தர வேண்டும். புத்தகம் கட்டும் கடையில் அமர்ந்திருக்கும் ஒரு பையனுக்கு அறிவியலும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை ஃபாரடே காட்டிச் சென்றிருக்கிறார்.

எங்கள் தாத்தாவின் அகராதி இன்றும் என்னிடம் இருக்கிறது. நாடாவால் கட்டி ஓர் அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதன் எண்ணெய்க் கறையை நான் மறைக்கவில்லை; மறைக்கவும் முடியாது. ஆனால் அதன் பிறகு அது மேலும் கெடவில்லை. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு புத்தகம் இருந்தால், இன்று மாலையே அதை வெயில் படாத இடத்துக்கு மாற்றி வையுங்கள். எண்ணெய்க் கிண்ணம் சமையலறையிலேயே இருக்கட்டும்.